முத்திரைக்குள் ஒரு தாள்

1938 ஜூன் மாதத் தேதியிட்டு அமெரிக்காவில் வெளியான 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் விலை 10 சென்ட். சூப்பர்மேன் அறிமுகமான இதழ் அது. மலிவான மரக்கூழ்த் தாள், முதுகில் இரண்டு கம்பிப் பின்கள், சற்றே வழவழப்பான அட்டை; படித்துவிட்டுத் தூக்கிப்போடுவதற்கென்றே அச்சான பொருள். ஏறத்தாழ இரண்டு லட்சம் பிரதிகள் அச்சாயின. அவற்றில் இன்று எஞ்சியிருப்பவை நூறு அளவில் இருக்கலாம் என்பது சேகரிப்பாளர்களின் கணிப்பு. அந்த நூறில் ஒன்று 2024 ஏப்ரலில் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தில் 60 லட்சம் டாலருக்குப் போனது. ஏலத்துக்கு வந்தபோது அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க வழியில்லை. கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அது மூடப்பட்டிருந்தது. கூட்டின் உச்சியில் ஒரு லேபிள், லேபிளில் 8.5 என்ற எண். ஏலம் கேட்டவர்கள் நம்பியது அந்த எண்ணை.

பழைய காமிக்ஸ் இதழுக்கு விலை வைப்பதில் நிலைமைதான் முதல் கேள்வி. 1970-இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் தன் விலைக் கையேட்டின் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார். ஒரே இதழின் நல்ல பிரதிக்கும் நைந்த பிரதிக்கும் தனித்தனி விலை என்ற ஒழுங்கு அதன் மூலம் பரவியது. ஆனால் எது நல்ல பிரதி என்று தீர்மானித்தவர் பெரும்பாலும் அதை விற்பவரே. தபாலில் வாங்குபவர் உறையைப் பிரிக்கும்போதுதான், விளம்பரத்தில் படித்ததற்கும் கைக்கு வந்ததற்கும் உள்ள தூரத்தை அறிவார். பழைய நாணயங்களின் சந்தையில் இந்தச் சிக்கலுக்கு 1980-களிலேயே ஒரு தீர்வு வந்திருந்தது: விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாவது தரப்பு ஒன்று தரத்தை மதிப்பிட்டு முத்திரையிடும். நாணயங்களுக்கு அப்படித் தரமிட்டு வந்த நிறுவனத்தின் குழுமமே 2000-இல் காமிக்ஸ் இதழ்களுக்கெனச் சி.ஜி.சி. நிறுவனத்தைத் தொடங்கியது. ஃப்ளோரிடா மாநிலத்தின் சரசோட்டாவிலிருந்து இயங்கும் அது இன்று இந்தத் துறையில் முன்னணியில் இருக்கிறது. அங்கே தரமிடுபவர்கள் பழைய காமிக்ஸ் வாங்கி விற்கும் வணிகத்தில் ஈடுபடக் கூடாது என்பது அதன் விதி.

வந்துசேரும் ஒவ்வொரு இதழிலும் பக்கங்கள் எண்ணப்படுகின்றன. எங்காவது பழுது பார்க்கப்பட்டிருக்கிறதா என்று தேடப்படுகிறது. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பார்த்து 0.5 முதல் 10 வரையுள்ள அளவில் ஓர் எண்ணை முடிவு செய்கிறார்கள். தாளின் நிறமும் குறிக்கப்படுகிறது: வெள்ளை, மங்கிய வெள்ளை, பழுப்புக்கு நெருங்கியது, தொட்டால் உதிர்வது என்று அது இறங்கிக்கொண்டே போகும். பிறகு இதழ் ஓர் உள்ளுறைக்குள் இடப்பட்டு, அது கடினமான வெளிக்கூட்டுக்குள் வைக்கப்படுகிறது. மீயொலி அதிர்வால் பிளாஸ்டிக்கின் விளிம்புகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. திருகோ பசையோ கிடையாது. திறப்பதென்றால் உடைக்கத்தான் வேண்டும். உடைத்தால் உடைந்தது தெரியும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. இப்படி மூடப்பட்ட இதழைச் சேகரிப்பாளர்கள் 'ஸ்லாப்' என்கிறார்கள்.

லேபிளின் நிறமும் ஒரு தகவல். நீலம் என்றால் இதழில் பழுதுபார்த்த சுவடு இல்லை என்று பொருள். ஊதா என்றால் யாரோ நிறம் தீட்டியோ, கிழிசலை ஒட்டியோ, துண்டு சேர்த்தோ சரிசெய்திருக்கிறார்கள். பச்சை என்றால் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டிய ஒரு குறை இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இன்ன எண் என்று பொருள். மஞ்சள் என்றால் நிறுவனத்தின் ஆள் நேரில் பார்த்திருக்கப் படைப்பாளி கையெழுத்திட்டார் என்பதற்கான சான்று. ஸ்டான் லீ 2018-இல் மறைந்துவிட்டதால் அவர் கையெழுத்துக்கு இனி யாரும் நேர்சாட்சியாக நின்று புதிய மஞ்சள் லேபிள் வாங்கித் தர முடியாது. ஏற்கெனவே இருக்கும் லேபிள்களின் மதிப்பு அதனாலேயே கூடுகிறது.

இந்த எண்கள் பணத்தில் எப்படிப் பெருகுகின்றன என்பதற்கு ஸ்பைடர்மேன் முதலில் தோன்றிய 'அமேசிங் ஃபேன்டஸி' 15-ஆம் இதழ் நல்ல உதாரணம். 1962 ஆகஸ்ட் தேதியிட்ட அந்த இதழின் 9.6 பிரதி ஒன்று 2011-இல் 11 லட்சம் டாலருக்கு விற்றது. ஐந்து ஆண்டுகள் கழித்து 9.4 பிரதி ஒன்று 4,54,100 டாலருக்கு விற்றது. 2021-இல் மீண்டும் ஒரு 9.6 பிரதி 36 லட்சம் டாலரைத் தொட்டது. 9.4-க்கும் 9.6-க்கும் இடையில் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் முதுகோரத்தில் நகத்தின் நுனியளவு ஒரு மடிப்பு, அல்லது ஒரு மூலையில் மழுங்கிய முனை. அவ்வளவு சிறிய இடைவெளிக்குள் இவ்வளவு பணம் நிற்கும்போது, அந்த இடைவெளியைக் கையால் அடைத்துவிடும் ஆசையும் அங்கேயே பிறக்கிறது.

மோசடி மூன்று இடங்களில் நடக்கிறது: மூடுவதற்கு முன் தாளின் மேல், இதழின் அடையாளத்தின் மேல், மூடிய பின் கூட்டின் மேல்.

தாளின் மேல் நடப்பதில் பழமையானது ஓரம் வெட்டுதல். பழைய இதழின் ஓரங்கள் காலப்போக்கில் பழுப்பேறி, சிறு கிழிசல்களோடு பிசிறடிக்கும். கூரிய கத்தியால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிவிட்டால் ஓரம் புதிதுபோல் ஆகிவிடும். கண்டுபிடிக்கிறவர் இதழைக் கிடையாக வைத்து ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். அச்சகத்தின் கட்டிங் மெஷினில் வெட்டுப்பட்ட ஓரம் பல பத்தாண்டுகளாகக் காற்றும் வெளிச்சமும் பட்டு, பக்கத்தின் நடுப்பகுதியைவிடக் கருத்திருக்கும். விரல்கள் பட்டுப்பட்டு அதன் முனை தளர்ந்திருக்கும். ஒவ்வொரு தாளும் இம்மி முன்னும் பின்னும் நகர்ந்து நிற்கும். புதிதாக வெட்டிய ஓரத்தில் தாள்கள் எல்லாம் ஒரே மட்டத்தில், கூர்மையாக, உள்பக்கத்தின் வெளிர் நிறத்திலேயே இருக்கும். எழுபது வயது இதழில் ஓரம் மட்டும் இளமையாக இருந்தால் சந்தேகம் எழ வேண்டும். ஆனாலும் நுட்பமாகச் சீவிய இதழ்கள் நிபுணர்களையே தாண்டிப் போயிருக்கின்றன. 2000-களின் நடுவில் ஒரு வியாபாரி அனுப்பிய இதழ்கள் பல இப்படிச் சீவப்பட்டவை என்று, நீல லேபிளோடு விற்பனையான பிறகுதான் தெரியவந்தது. கூட்டுக்குள் போய்விட்ட ஓரத்தை வாங்குபவர் முழுதாகப் பார்க்க முடியாது என்பது அந்த ஏமாற்றுக்கு இரட்டிப்பு வசதியாக இருந்தது.

அடுத்தது நிறம் தீட்டுதல். கறுப்பும் அடர்சிவப்புமான அட்டைகளில் முதுகோரத்து மடிப்பு மையை உடைத்து வெள்ளைக் கோடாகத் தெரியும். பேனா மையை ஒரு பொட்டு வைத்தால் கோடு மறைந்துவிடும். அட்டையைப் பிரித்து உள்புறத்தை வெளிச்சத்தில் பார்த்தால் மை ஊடுருவிய கறை தெரியும். புற ஊதா விளக்கின் கீழ் பல மைகளும் பசைகளும் அச்சு மையிலிருந்து வேறுபட்டு ஒளிரும். ஒரு பொட்டு கண்டுபிடிக்கப்பட்டாலே இதழ் பெரும்பாலும் ஊதா லேபிளுக்குப் போய்விடும். விலை பாதிக்கும் கீழே இறங்குவது சாதாரணம்.

அழுத்துதல் என்ற வேலையை இதோடு ஒப்பிட்டால் இந்தச் சந்தையின் ஒழுக்கம் எங்கே கோடு கிழிக்கிறது என்பது விளங்கும். இதழுக்குச் சற்று ஈரப்பதம் ஊட்டி, சூடான அழுத்துப் பொறியில் வைத்து எடுத்தால் மை உடையாத மடிப்புகளும் சுருக்கங்களும் தட்டையாகிவிடும். 9.2 வாங்க வேண்டியது 9.6 வாங்கலாம். தாளுக்கு நேர்வது நிறப் பொட்டைவிடப் பெரிய மாற்றம். நார்களே நீரால் தளர்ந்து வெப்பத்தால் மறுபடி இறுகுகின்றன. சரியாகச் செய்யாவிட்டால் முதுகு நசுங்கும், பின்களின் தடம் பக்கங்களில் பதியும். ஆனால் சி.ஜி.சி. இதைப் பழுதுபார்த்தலாகக் கணக்கிடுவதில்லை. லேபிளில் குறிப்பிடுவதும் இல்லை. 2012-இல் இந்த வேலையைச் செய்துவந்த ஒரு நிறுவனத்தை அந்தக் குழுமமே வாங்கித் தன் சேவைகளில் ஒன்றாக்கிக்கொண்டது. எதையும் சேர்க்கவில்லை, எதையும் வெட்டியெடுக்கவில்லை, நிபுணராலும் உறுதியாகக் கண்டுபிடிக்க இயலாது என்பவை இதற்குச் சொல்லப்படும் நியாயங்கள். மூன்றாவது நியாயம்தான் யோசிக்க வைக்கிறது. கண்டுபிடிக்க முடியாததைத் தடை செய்தால் தடையே கேலிக்குள்ளாகும் என்பதால், அது அனுமதிக்கப்பட்ட கைவேலையாகிவிட்டது. ஆகவே சேதப்படுத்துதல் என்ற குற்றம் தாளுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பொறுத்து வரையறுக்கப்படவில்லை. எது கண்டுபிடிக்கத்தக்கது, எதைச் சொல்லியாக வேண்டும் என்று சந்தை ஒத்துக்கொண்டதைப் பொறுத்தே வரையறுக்கப்பட்டிருக்கிறது.

அடையாளத்தின் மேல் நடக்கும் மோசடியில் மறுபதிப்பை மூலமாகக் காட்டுவது ஒருவகை. 1974-இல் டி.சி. நிறுவனம் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழைப் பெரிய அளவில் மறுபதிப்புச் செய்தது. மறுபதிப்பு என்று அறிவிக்கும் வெளியட்டை ஒன்று இருந்தது. அதைப் பிரித்தெடுத்துவிட்டால் உள்ளே மூல அட்டையின் நகல், 1938 தேதியோடும் 10 சென்ட் விலையோடும் அப்படியே இருந்தது. விவரமறியாதவர்களிடம் அது மூலப்பிரதி என்று விற்கப்பட்டிருக்கிறது. அதை ஓர் அளவுகோலே காட்டிக்கொடுத்துவிடும். அந்த மறுபதிப்பு மூலத்தைவிட வெகு உயரமும் அகலமுமானது. 1977-இல் வெளியான 'செரிபஸ்' முதல் இதழின் போலிகள் இன்னும் தந்திரமானவை. அளவும் படமும் சரியாக இருக்கும். உண்மையான பிரதியின் அட்டையில் உள்புறக் கறுப்பு மங்கலாகவும் போலியில் பளபளப்பாகவும் இருப்பதை வைத்தே பிரித்தறிகிறார்கள்.

முழுப் போலியைவிட அரைப் போலி ஆபத்தானது. 1974 நவம்பர் தேதியிட்ட 'இன்கிரெடிபிள் ஹல்க்' 181-ஆம் இதழில்தான் வுல்வரின் முழுமையாக அறிமுகமாகிறான். அதே இதழின் வாசகர் கடிதப் பக்கத்தில், வெட்டியெடுத்துச் சேர்ப்பதற்கென்று மார்வெல் நிறுவனம் ஒரு ஸ்டாம்ப்பை அச்சிட்டிருந்தது. அக்காலச் சிறுவர்கள் சொன்னபடியே வெட்டியெடுத்தார்கள். அந்தச் சதுர ஓட்டை உள்ள பிரதி எவ்வளவு பொலிவாக இருந்தாலும் பச்சை லேபிளையோ மிகத் தாழ்ந்த எண்ணையோதான் பெறும். எனவே நைந்துபோன வேறொரு பிரதியிலிருந்து அந்தத் தாளை எடுத்து இதில் செருகும் வேலை நடக்கிறது. தாளின் நிறம் அடுத்த பக்கத்தோடு ஒத்துப்போகாமை, பின் துளைகள் இரட்டித்தோ விலகியோ இருத்தல், ஓரம் மற்றத் தாள்களின் வரிசையில் நிற்காமை ஆகியவை இதன் தடயங்கள். பக்கங்களை எண்ணுவது மட்டும் போதாது, ஒவ்வொரு தாளும் இந்தப் பிரதியோடு பிறந்ததுதானா என்றும் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

மூன்றாவது இடம் கூடு. எண்ணும் லேபிளும் கூட்டில் இருக்கின்றன. மதிப்பின் பெரும்பகுதி அவற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அப்படியானால் மோசடிக்காரர் தாளைத் தொட வேண்டிய தேவையே இல்லை. உள்ளிருப்பதை மாற்றினால் போதும். 2023 இறுதியில் வெளிச்சத்துக்கு வந்து 2024 தொடக்கத்தில் சி.ஜி.சி. ஒப்புக்கொண்ட விவகாரம் இந்த வகை. கூடு கீறிப்போனாலோ உடைந்தாலோ இதழைத் திருப்பி அனுப்பிப் புதிய கூடு வாங்கிக்கொள்ளும் சேவை ஒன்று உண்டு. அதே எண், புதிய லேபிள்; மறுபடி தரமிடல் கிடையாது. இந்த வழியே வாயிலானது. உயர்ந்த எண் பெற்ற இதழ் கூட்டைத் திறந்து வெளியே எடுக்கப்பட்டது. அதே இதழின் தாழ்ந்த பிரதி ஒன்று அந்த இடத்தில் வைக்கப்பட்டு, புதிய கூட்டுக்காக அனுப்பப்பட்டது. தாழ்ந்த பிரதி உயர்ந்த எண்ணோடு, பழுதற்ற புதிய முத்திரையோடு திரும்பி வந்தது. வெளியே எடுத்த நல்ல பிரதியைப் புதிதாக அனுப்பி அதற்கும் உயர்ந்த எண் வாங்கிக்கொள்ளலாம். ஒரு நல்ல பிரதியிலிருந்து இரண்டு நல்ல லேபிள்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, கடைசியில் கிடைத்த கூடு போலியே அல்ல என்பது. பிளாஸ்டிக், ஹாலோகிராம், வரிசை எண், முத்திரையிட்ட கை எல்லாமே உண்மையானவை. கூட்டை எவ்வளவு உறுதியாகச் செய்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது. பிடிபட்டது வேறொரு வழியில். அதே வரிசை எண் கொண்ட இதழ்களின் பழைய ஏலப் படங்களைச் சேகரிப்பாளர்கள் தேடியெடுத்துப் புதிய படங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அட்டை முதுகில் மடிந்த இடம் ஒன்றில் இடப்புறம் தள்ளியும் மற்றதில் நேராகவும் இருந்தது. பின்கள் ஏறிய உயரம் வேறாக இருந்தது. எண் ஒன்று, உடல் வேறு. நிறுவனம் சந்தேகத்துக்குரிய நூற்றுக்கணக்கான வரிசை எண்களை வெளியிட்டது, வழக்கும் தொடுத்தது.

பாதுகாப்பு என்பது ஆகவே அடுக்கடுக்கானது. தரமிடும் நிறுவனத்தின் பக்கத்தில் முதலில் வருவது வரிசை எண்ணும் அதைச் சரிபார்க்கும் பொதுப் பதிவேடும். ஆனால் எண், தலைப்பு, தரம் ஆகிய மூன்றை மட்டும் காட்டும் பதிவேடு இப்படி உள்ளிருப்பதை மாற்றிவைக்கும் மோசடியில் உதவாது. இதழின் முன்னட்டை, பின்னட்டைப் படங்களும் அதோடு இருக்க வேண்டும். மறுகூட்டுக்கு வரும் ஒவ்வொரு இதழும் பழைய படத்தோடு ஒப்பிடப்பட வேண்டும். கூட்டிலிருந்து வெளியே வந்த கணத்தில் பழைய எண் செல்லாததாகி, தரமிடல் முதலிலிருந்து தொடங்கினால் அந்த வாயில் முழுதாக அடைபடும். செலவும் நேரமும் கூடுவதே அதன் விலை.

வாங்குபவரின் பக்கத்தில் கண்ணும் பொறுமையும் வேண்டும். கூட்டின் நான்கு விளிம்புகளையும் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், உருக்கி ஒட்டிய கோடு சீராக ஓடுகிறதா, எங்காவது வெண்மையாகப் பூத்திருக்கிறதா, பசையின் மினுமினுப்பு தெரிகிறதா என்பது புலப்படும். லேபிள் நேராக அமர்ந்திருக்கிறதா, அந்த ஆண்டின் லேபிள் வடிவமும் கூட்டின் வடிவமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். நிறுவனம் காலத்துக்குக் காலம் இரண்டையும் மாற்றி வந்திருக்கிறது. பழைய லேபிள் புதிய கூட்டில் இருப்பது கேள்விக்குரியது. எல்லாவற்றுக்கும் மேலாக, லேபிளை விரலால் மறைத்துக்கொண்டு இதழை மட்டும் பார்த்து இது எந்த எண்ணுக்குத் தகும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 9.8 என்று எழுதிய கூட்டுக்குள் முதுகோரத்தில் மூன்று வெள்ளைக் கீறல்கள் இருந்தால், எண்ணைவிடக் கண் சொல்வதே சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். எண் வந்த பிறகு கண் ஓய்வெடுத்துக்கொள்ளும் பழக்கமே இந்தச் சந்தையின் மிகப் பெரிய பலவீனம்.

மனிதர் யாரும் கை வைக்காமலே இதழைக் கெடுப்பவையும் உண்டு. மரக்கூழ்த் தாளில் உள்ள லிக்னினும் அமிலமும் உள்ளிருந்தே அதைப் பழுப்பாக்கி முறியச் செய்கின்றன. இதற்காகவே அமிலத்தை உறிஞ்சும் தனித் தாள்கள் அட்டைகளின் உட்புறத்தில் வைத்து மூடப்படுகின்றன. ஈரம் பின்களைத் துருப்பிடிக்கவைத்துச் சுற்றிலும் செம்மண் நிறக் கறையைப் பரப்பும். வெயில் மையை வெளுக்கும். கூடு நீர் புகாத பெட்டி இல்லை. வெள்ளம் புகுந்த அறையில் அதனால் பெரிய பயன் இராது. அஞ்சலில் குலுங்கினால் இதழ் உள்ளேயே நகர்ந்து மூலைகள் மழுங்குவதும் உண்டு. அப்போது எவரும் ஏமாற்றாமலே லேபிளில் ஓர் எண்ணும் உள்ளே வேறொரு நிலைமையும் இருக்கும். 9.8 என்பது முத்திரையிட்ட நாளின் நிலைமைக்கான சான்று. குளிர்ச்சியும் வறட்சியுமான இருண்ட அறையில், நிமிர்த்தி, ஒன்றன்மேல் ஒன்று சரியாமல் வைப்பதுதான் அந்தச் சான்றை இன்றும் உண்மையாக வைத்திருக்கும்.

முத்திரை வருவதற்கு முன்பும் காமிக்ஸ் இதழ்களுக்குச் சான்று இருந்தது. கொலராடோவைச் சேர்ந்த எட்கர் சர்ச் என்பவர் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து அடுக்கிவைத்திருந்த பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்களை, 1977-இல் சக் ரொசான்ஸ்கி என்ற வியாபாரி அவர் குடும்பத்திடமிருந்து வாங்கினார். வறண்ட காற்றும் இருட்டும் இறுக்கமான அடுக்கும் சேர்ந்து அவற்றைக் கடையிலிருந்து வந்த நாளைப் போலவே வைத்திருந்தன. அட்டையில் பென்சிலால் இட்ட எழுத்துக் குறிகளையும் தாளின் வெண்மையையும் கொண்டு, இது சர்ச்சின் பிரதி என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். இன்றும் அந்த வரலாறு லேபிளில் குறிக்கப்படுகிறது. அதற்கெனக் கூடுதல் விலையும் உண்டு. நடிகர் நிக்கலஸ் கேஜ் வைத்திருந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 2000-இல் திருடு போனது. 2011-இல் கலிஃபோர்னியாவில் ஒரு சேமிப்பறையிலிருந்து அது கிடைத்தபோது, 1990-களில் அதை அவருக்கு விற்ற வியாபாரி ஸ்டீபன் ஃபிஷ்லர் இதழைப் பார்த்து அதுவே என்று உறுதி செய்தார். அந்த ஆண்டு நவம்பரில் 9.0 என்ற எண்ணோடு அது 21 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்றது.

கூடு செய்யக்கூடிய வேலை, செய்ய முடியாத வேலை இரண்டும் இதிலிருந்து தெளிவாகின்றன. முன்பின் அறியாத இருவர் தொலைவிலிருந்து நம்பி வணிகம் செய்ய அது வழி செய்கிறது. தாளுக்கு ஓரளவு காவலாகவும் இருக்கிறது. ஆனால் உள்ளிருப்பதைச் சரிபார்க்க வேண்டுமானால் உடைக்க வேண்டும், உடைத்தால் சான்று போய்விடும் என்ற முடிச்சு அதனோடு கூடவே வருகிறது. அந்த முடிச்சை அவிழ்க்கக்கூடியவை கூட்டுக்கு வெளியே இருக்கின்றன: மூடுவதற்கு முன் எடுத்த அட்டை, முதுகு, ஓரம், பின் ஆகியவற்றின் துல்லியமான படங்கள், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற விற்பனைச் சீட்டுகள், பழைய ஏலப் பட்டியல்கள், தரமிட்டவர்களின் குறிப்புகள். இவற்றை இதழோடு சேர்த்து வைக்காமல் வேறிடத்தில் பத்திரப்படுத்துவதும், விற்கும்போது தவறாமல் அடுத்தவரிடம் ஒப்படைப்பதும் உரிமையாளரின் பொறுப்பு.